வாசகர் கேள்வி–பதில்: லீ குன்-ஹீ சேகரிப்பும் கொரிய நவீன ஓவியமும்

சாம்சங் குழுமத்தின் தலைவராக இருந்த லீ குன்-ஹீயின் தனிச் சேகரிப்பு தென் கொரிய அரசுக்கு நன்கொடையாக வழங்கப்பட்டது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த நவீன ஓவியங்களைச் சியோலிலுள்ள தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் 2021 ஜூலை முதல் காட்சிக்கு வைத்தது. அந்தக் கண்காட்சியைப் பற்றியும் அதன் பின்னணியைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்தால் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: பெரிய நன்கொடை, வரலாறு காணாத நன்கொடை என்று பொதுவாகவே எழுதுகிறார்கள். யார், யாருக்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெளிவாகச் சொல்ல முடியுமா?

பதில்: லீ குன்-ஹீ 2020 அக்டோபர் 25 அன்று காலமானார். ஆறு மாதங்கள் கழித்து, 2021 ஏப்ரல் 28 அன்று, அவருடைய மனைவியும் பிள்ளைகளும் ஏறத்தாழ 23,000 கலைப்பொருள்களைப் பொது அருங்காட்சியகங்களுக்குக் கொடுப்பதாக அறிவித்தார்கள். அவற்றில் 21,600க்கும் மேற்பட்டவை பழம்பொருள்கள்: பீங்கான்கள், பௌத்தச் சிற்பங்கள், பழைய நூல்கள், பழைய ஓவியங்கள். இவை கொரியத் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றன. தேசியப் பொக்கிஷம் என்று அரசு அறிவித்த 14 பொருள்களும், அதற்கு அடுத்த நிலையில் வைத்துப் பாதுகாக்கப்படும் 46 பொருள்களும் அவற்றுள் அடக்கம். மழை ஓய்ந்த இன்வாங் மலையை ஜோங் சோன் 1751இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியமும் அவற்றுள் ஒன்று.

நம் பேச்சுக்குரியது மற்றொரு பகுதி. தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டவை 1,488. அவற்றில் 1,369 படைப்புகள் 238 கொரியக் கலைஞர்களுடையவை. எஞ்சிய 119 எட்டு அயல்நாட்டுக் கலைஞர்களுடையவை. இவை தவிர 102 படைப்புகள் தலைநகருக்கு வெளியே உள்ள ஐந்து அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதைப் பின்னால் வரும் ஒரு கேள்வியில் பார்ப்போம்.

கேள்வி: வரியைத் தவிர்ப்பதற்காகத்தான் இதைக் கொடுத்தார்கள் என்று என் நண்பர் உறுதியாகச் சொல்கிறார். உங்கள் கருத்து என்ன?

பதில்: இந்தச் சந்தேகம் கொரியாவுக்குள்ளேயே எழுந்த ஒன்று என்பதால் அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. முதலில் கணக்கைப் பார்ப்போம். தென் கொரியாவில் வாரிசுச் சொத்து வரியின் உச்ச விகிதம் 50 விழுக்காடு. நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அளவுக்குப் பங்குகள் வைத்திருந்தவர் இறந்தால், அந்தப் பங்குகளின் மதிப்பைக் கூட்டிக் கணக்கிடுவதால் அது நடைமுறையில் 60 விழுக்காட்டைத் தொடுகிறது. லீ குடும்பம் கட்டுவதாக ஒப்புக்கொண்ட வரி 12 லட்சம் கோடி வோனுக்கும் மேல். ஐந்து ஆண்டுகளில் ஆறு தவணைகளாகச் செலுத்த வேண்டியிருந்தது. அதில் ஏறத்தாழ 11 லட்சம் கோடி வோன் பங்குகளின் மீது விதிக்கப்பட்டது. ஓவியங்களை அரசுக்குக் கொடுத்ததால் அந்த ஓவியங்களுக்குரிய வரி விலகியதே தவிர, பங்குகளுக்குரிய வரியில் ஒரு வோன்கூடக் குறையவில்லை. வரிக்குப் பதிலாகக் கலைப்பொருளையே கொடுத்துக் கணக்கைத் தீர்க்கும் வழியும் அன்றைய சட்டத்தில் இல்லை; அது 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே படங்களை ஏலத்தில் விற்று அவற்றுக்குரிய வரியைக் கட்டியிருந்தால், குடும்பத்தின் கையில் கணிசமான தொகை மிஞ்சியிருக்கும். உங்கள் நண்பரின் வாதம் இந்த இடத்தில் நிற்காது.

ஆனால் நற்பெயர் பற்றிய கேள்வி வேறு. லீ குன்-ஹீ 1996இல் லஞ்ச வழக்கிலும், பிறகு 2008இல் வரி ஏய்ப்பு வழக்கிலும் தண்டனை பெற்று, இரண்டு முறையும் பொதுமன்னிப்புப் பெற்றவர். நன்கொடை அறிவிக்கப்பட்ட நாளில் அவருடைய மகன் லீ ஜே-யோங் லஞ்சக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பரோலில் வெளியே வந்தார். 2022 ஆகஸ்டில் அவருக்கும் மன்னிப்பு வழங்கப்பட்டது. இந்த நிகழ்ச்சிகளை நன்கொடையோடு கோத்து ஒரு பேரத்தை ஊகித்து எழுதுவதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் இவற்றை அறியாதவர்போல் அந்தக் கண்காட்சியைப் பற்றி எழுதுவதும் முறையாகாது. பெருஞ்செல்வம் எப்படிச் சேர்ந்தது என்ற கேள்விக்கும், அதைக் கொண்டு வாங்கிய ஓவியம் நல்ல ஓவியமா என்ற கேள்விக்கும் தனித்தனியே விடை தேடுவதுதான் வாசகருக்குப் பயன் தரும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஒரு நாட்டின் தேசிய அருங்காட்சியகத்தில் அந்த நாட்டின் முதன்மையான ஓவியர்களின் படங்கள் முன்பே இருந்திருக்குமே? ஒரு தொழிலதிபர் கொடுத்துத்தான் அந்த இடம் நிரம்ப வேண்டுமா?

பதில்: வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். இருந்திருக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு; ஆனால் கொரியாவின் இருபதாம் நூற்றாண்டு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

1910இல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. தைல வண்ண ஓவியம் கொரியர்களுக்கு டோக்கியோ வழியாகத்தான் வந்து சேர்ந்தது. 1909இல் டோக்கியோ கலைப் பள்ளியில் சேர்ந்த கோ ஹுய்-டோங் தொடங்கி, அடுத்த முப்பது ஆண்டுகளில் ஓவியம் கற்க விரும்பிய கொரிய இளைஞர்கள் பலர் அந்த நகரத்தையே நாடினார்கள். அவர்கள் தீட்டியதை வாங்கிப் பாதுகாக்கும் பொறுப்புள்ள கொரிய அரசு ஒன்று அன்று இல்லை. சியோலின் தோக்சுகுங் அரண்மனையில் 1933 முதல் நவீன ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால் அவை ஜப்பானிய ஓவியங்கள். 1945இல் விடுதலையும் நாட்டுப் பிரிவினையும் ஒன்றாக வந்தன. 1950 முதல் 1953 வரை நடந்த போரில் வீடுகளோடு ஓவியங்களும் எரிந்தன. தெற்கு நோக்கி ஓடிய ஓவியர்கள் கையில் தூக்கிச் செல்ல முடிந்ததை மட்டுமே எடுத்துச் சென்றார்கள். வடக்கே சென்றுவிட்ட ஓவியர்களின் படைப்புகளைத் தெற்கில் வெளிப்படையாகக் காட்டுவதற்கு 1988 வரை தடை இருந்தது.

தேசிய நவீனக் கலை அருங்காட்சியகம் என்ற ஒன்று 1969இல்தான் தொடங்கப்பட்டது. அதுவும் சொல்லிக்கொள்ளத்தக்க சேகரிப்பு ஏதும் இல்லாமல், கியோங்போக்குங் அரண்மனை வளாகத்தில் இடம் கொடுத்துத் தொடங்கப்பட்டது. அது நிதானமாக வாங்கத் தொடங்கிய காலத்தில் நல்ல படங்களின் விலை ஏறிவிட்டிருந்தது. நன்கொடை வந்த காலகட்டத்தில் அந்த அருங்காட்சியகம் ஓராண்டில் படைப்புகள் வாங்கச் செலவிடக்கூடிய தொகை 500 கோடி வோனுக்கும் குறைவு. கிம் ஹ்வான்-கி 1971இல் தீட்டிய ஒரே ஓர் ஓவியம் 2019இல் ஹாங்காங் ஏலத்தில் 1,300 கோடி வோனுக்கு மேல் விலைபோனது. இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால், கொரிய அரசால் கொரிய ஓவியத்தை ஏன் வாங்க முடியவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

மறுபுறம் லீ குடும்பத்தில் கலைப்பொருள் வாங்குவது ஒரு தலைமுறைப் பழக்கம் அல்ல. சாம்சங்கை நிறுவிய தந்தை லீ பியுங்-சுல் சேர்த்தவற்றைக் கொண்டு 1982இல் யோங்இன் நகரில் ஹோ-ஆம் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2004இல் சியோலில் 'லீயும்' (Leeum) என்ற பெயரில் இன்னோர் அருங்காட்சியகம் வந்தது. லீ குன்-ஹீயின் மனைவி ஹோங் ரா-ஹீ 2017 வரை அந்த இரண்டாவது அருங்காட்சியகத்தை நடத்தினார். அரசு தாமதித்த பல பத்தாண்டுகளில் இந்தக் குடும்பம் வாங்கிக்கொண்டே இருந்தது. கொடுக்கப்பட்ட 1,488இல் ஏறத்தாழ 860 படைப்புகள் 1930க்கு முன் பிறந்த கலைஞர்களுடையவை. அதாவது காலனி ஆட்சியையும் போரையும் நேரில் கண்ட தலைமுறையின் கைவேலை. அரசு அருங்காட்சியகத்தில் மிகவும் மெலிந்து கிடந்த பகுதியும் அதுவே. இந்த வரவோடு அதன் மொத்த இருப்பு 10,000ஐத் தாண்டியது.

கேள்வி: 2021 கண்காட்சியில் என்னென்ன வைத்தார்கள்? அவற்றில் எவற்றை அவசியம் பார்க்க வேண்டும் என்பீர்கள்?

பதில்: 34 கலைஞர்களின் 58 படைப்புகள். பெருந்தொற்றுக் காலம் ஆகையால் முன்பதிவு செய்தவர்களை மணிக்கு 30 பேர் அளவிலேயே உள்ளே விட்டார்கள். இடம் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. புதிய கலைமுறைகளை ஏற்ற காலம், தனித்தன்மை துலங்கிய காலம், நிலைகொண்டு புதுவழி தேடிய காலம் என மூன்று பகுதிகளாகப் படங்களை அடுக்கியிருந்தார்கள். பாடநூல் பாணியிலான பிரிவுதான். அதைவிட மூன்று படங்களின் கதையைச் சொல்வது பொருத்தம்.

முதலாவது, லீ சாங்-போம் 1922இல், தம் 25ஆம் வயதில், பட்டின் மீது தீட்டிய பத்து மடிப்புத் திரை. சீன இலக்கியத்தில் வரும் பீச் மலர் வனத்தை, உலகத்தார் கண்ணில் படாத அந்தக் கற்பனை ஊரை, அவர் வரைந்திருக்கிறார். இப்படி ஓர் ஓவியம் உண்டு என்ற செய்தி மட்டும் ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது. பொதுமக்கள் கண்ணில் அது பட்டது ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்துத்தான். பிற்காலத்தில் அவர் எளிய கிராமத்து மலைச்சரிவுகளை அடங்கிய மையால் தீட்டிப் பெயர் பெற்றவர் என்பதால், இந்த வண்ணக் கோலாகலம் அவரை அறிந்தவர்களுக்குக்கூட வியப்பளித்தது.

இரண்டாவது, பைக் நாம்-சுன் 1936 வாக்கில் தீட்டிய 'சொர்க்கம்'. இதுவும் மடிப்புத் திரைதான்; எட்டு மடிப்பு. ஆனால் பட்டும் மையும் இல்லை. கேன்வாஸும் தைல வண்ணமும். பாரிஸில் படித்துத் திரும்பிய ஒரு பெண், கிழக்காசிய வீடுகளில் அறையை மறைக்க வைக்கும் திரையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதில் மேலைநாட்டு முறையில் மலைகளையும் நீர்நிலைகளையும் ஆடையற்ற மனிதர்களையும் பரப்பிவைத்தார். தோழி ஒருத்தியின் திருமணப் பரிசாக அது தென்கோடியிலுள்ள வாந்தோ தீவுக்குப் போனது. அவருடைய மற்ற பழைய படங்கள் போரில் அழிந்தன. பரிசாகக் கைமாறித் தொலைதூரத்தில் இருந்த ஒரே காரணத்தால் இந்த ஒன்று பிழைத்தது. கண்காட்சியில் ஒரே ஒரு படத்தின் முன் நிற்க அனுமதி என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். கிழக்கா மேற்கா என்று அந்தத் தலைமுறை பட்ட பாட்டை இதைவிட நேராகச் சொல்லும் பொருள் வேறொன்று அந்த அரங்கில் இல்லை.

மூன்றாவது, கிம் ஹ்வான்-கியின் 'பெண்களும் ஜாடிகளும்'. ஐந்தரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள இந்தப் படம் 1950களில் ஒரு நெசவாலை அதிபர் தாம் புதிதாகக் கட்டிய வீட்டின் சுவருக்காகக் கேட்டு வாங்கியது. வெள்ளைப் பீங்கான் ஜாடிகளை ஏந்திய பெண்கள், மான், கொக்கு, பூவண்டி எனக் கிம் ஹ்வான்-கிக்குப் பிடித்தவை எல்லாம் இளஞ்சிவப்பு, இளநீலப் பின்னணியில் ஒன்றுகூடி நிற்கின்றன. அந்த நிறுவனம் 1960களின் இறுதியில் நொடிந்தபோது படம் சந்தைக்கு வந்து, அங்கிருந்து லீ குடும்பத்திடம் சேர்ந்தது. ஒரு செல்வந்தர் விழ, இன்னொரு செல்வந்தர் வாங்க, இறுதியில் பொதுச்சொத்து ஆனது. இதே ஓவியர் நியூயார்க்கில் குடியேறிய பின், 1973இல், ஆயிரக்கணக்கான நீலப் புள்ளிகளை வரிசை வரிசையாக இட்டு நிரப்பிய அரூப ஓவியம் ஒன்றும் அதே கண்காட்சியில் இருந்தது. இருபது ஆண்டுகளில் ஒரு மனிதர் ஜாடியிலிருந்து புள்ளிக்கு வந்த தொலைவை ஒரே கூரையின் கீழ் அளக்க முடிந்தது.

கேள்வி: லீ ஜுங்-சோப் சிகரெட் பெட்டித் தாளில் ஓவியம் வரைந்தார் என்று படித்தேன். இது மிகைப்படுத்திய கதையா?

பதில்: கதை அல்ல, முழு உண்மை. 1916இல் இன்றைய வட கொரியப் பகுதியில் பிறந்த லீ ஜுங்-சோப், டோக்கியோவில் படித்தபோது யமமோதோ மசாகோ என்ற ஜப்பானியப் பெண்ணைக் காதலித்து, 1945இல் வோன்சான் நகரில் மணந்துகொண்டார். 1950 டிசம்பரில் போருக்குத் தப்பிக் குடும்பத்தோடு பூசானுக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஜெஜு தீவின் சோக்விபோவில், ஒரு சிறு அறையில், ஓராண்டுக்கும் குறைவாகத் தங்கினார். கடற்கரையில் பிடித்த நண்டுகள்தாம் பல நாள் உணவு. பிற்காலப் படங்களில் குழந்தைகளோடு நண்டுகள் ஓயாமல் விளையாடுவதற்கு அந்த வாழ்வே காரணம். 1952இல் மனைவியும் இரு மகன்களும் ஜப்பானுக்குப் போனார்கள். அதன்பின் 1953இல் ஏறத்தாழ ஒரு வாரம் மட்டுமே அவர்களைப் பார்க்க முடிந்தது. 1956 செப்டம்பரில் சியோல் மருத்துவமனை ஒன்றில், 40ஆம் வயதில், உறவினர் யாரும் அருகில் இல்லாமல் இறந்தார்.

வறுமை காரணமாகத்தான் வெள்ளித்தாளைக் கையில் எடுத்தார் என்றாலும், அதை ஒரு தனி நுட்பமாகவே வளர்த்தெடுத்தார். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் தாளை விரித்து, கூர்முனையால் கோடு கீறி, மேலே வண்ணத்தைப் பூசி, உடனே துடைத்துவிடுவார். பள்ளமான கோட்டில் மட்டும் வண்ணம் தங்கும். பழைய கோரியோ அரசமரபுக் காலப் பச்சைப் பீங்கான்களில் கோடு கீறி வேறு மண்ணை நிரப்பி அழகு செய்யும் முறையை இது ஒத்திருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1956இலேயே இத்தகைய மூன்று தாள்களை ஏற்றுக்கொண்டது. லீ குன்-ஹீ நன்கொடையில் லீ ஜுங்-சோப்பின் படைப்புகள் 104. அவற்றில் வெள்ளித்தாள் ஓவியங்கள் 27, திருமணத்துக்கு முன் மசாகோவுக்கு அனுப்பிய அஞ்சல் அட்டை ஓவியங்கள் 43. அவர் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வரும் 'வெள்ளை எருது' ஒன்றும் உண்டு. 1972இல் ஒரு கண்காட்சியிலும் 1975இல் ஒரு நூலிலும் தலைகாட்டிவிட்டுக் கண்ணில் படாமல் போயிருந்த படம் அது. 2022 ஆகஸ்டில் இந்த ஓவியருக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தும் அளவுக்குச் சரக்கு இந்த நன்கொடையில் இருந்தது.

கேள்வி: பார்க் சூ-கன் படங்களை அச்சில் பார்த்தேன். எல்லாம் சாம்பல் நிறம். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்ததுபோல் இருக்கிறது. இதற்கா இவ்வளவு மதிப்பு?

பதில்: அச்சில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், அந்தக் குறை அச்சினுடையது. பார்க் சூ-கன் வண்ணத்தை மெல்லிய படலமாக இட்டு, காயவிட்டு, மேலும் மேலும் படலங்களை ஏற்றுவார். இறுதியில் மேற்பரப்பு கொரியா எங்கும் காணப்படும் கருங்கல்லின் சொரசொரப்பை அடையும். அந்தக் கல்லில் செதுக்கியதுபோல் உருவங்கள் மங்கலாகத் தெரியும். பக்கவாட்டு ஒளியில் நேரில் பார்த்தால்தான் இந்த உழைப்பு கண்ணுக்குப் புலப்படும்.

1914இல் யாங்கு என்ற மலைப்பகுதியில் பிறந்த இவர் தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்கவில்லை. ஓவியத்தைத் தாமாகவே கற்றார். போர்க்காலத்தில் சியோலில் அமெரிக்கப் படையினருக்கான அங்காடியில் வீரர்களின் உருவப்படங்களை வரைந்து குடும்பத்தைக் காப்பாற்றினார். அவர் வாழ்ந்தபோது சிறு படங்களை வாங்கியவர்களில் பலர் சியோலில் இருந்த வெளிநாட்டவர்கள். 1965இல் இறந்தார். கண்காட்சியில் இருந்த 1954ஆம் ஆண்டுப் படத்தில், முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் உலக்கையால் இடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தில் சோகம் ஏற்றப்படவில்லை. ஏழ்மையைக் காட்டி இரக்கம் கேட்கும் தொனியும் இல்லை. மதிப்பு எங்கே என்று கேட்டால் இந்த அடக்கத்தில் என்பேன். ஏலத்தில் அவர் பெயருக்குக் கிடைக்கும் விலை வேறு விவகாரம்.

கேள்வி: பெண் ஓவியர்களுக்கு இந்தச் சேகரிப்பில் என்ன இடம்?

பதில்: பைக் நாம்-சுன் பற்றி மேலே சொன்னேன். நா ஹே-சோக் இன்னொருவர். மேலைமுறையில் ஓவியம் தீட்டிய முதல் கொரியப் பெண்ணாகக் கருதப்படுபவர். 1896இல் சுவோனில் பிறந்து, டோக்கியோவில் படித்து, 1921இல் சியோலில் தம் தனிக் கண்காட்சியை நடத்தினார். மணமுறிவுக்குப் பின் 1934இல் தம் இல்வாழ்க்கையைப் பற்றி வெளிப்படையாக எழுதியதற்காகச் சமூகம் அவரை ஒதுக்கியது. 1948இல் ஆதரவற்ற நிலையில் இறந்தார். அவருடையவை என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க ஓவியங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. ஆகவே சுவோனிலுள்ள அரச நினைவில்லத்தின் முன் பூத்த பியோனி மலர்களை அவர் 1930களில் தீட்டிய படம் நன்கொடையில் இருந்தது பெரிய செய்தி ஆயிற்று. சுன் கியுங்-ஜாவின் செழுமையான வண்ண ஓவியங்களும் உண்டு. இருந்தாலும் 238 பேர் கொண்ட பட்டியலில் பெண்கள் சிறுபான்மைதான். அந்தக் குறை சேகரித்தவரிடம் மட்டுமல்ல, பெண்களின் படங்களை யாரும் காப்பாற்றி வைக்காத காலத்திடமும் இருக்கிறது.

கேள்வி: மோனே, பிக்காசோ படங்களும் இருக்கின்றனவாமே?

பதில்: இருக்கின்றன. மோனே தீட்டிய அல்லிக்குளம், ரெனுவார், பிசாரோ, கோகன், ஷகால், மிரோ, டாலி ஆகியோரின் படங்கள், பிக்காசோவின் பீங்கான் பணிகள் 112. இவை செய்தித்தாள்களில் தேவைக்கு மேல் இடம்பிடித்தன என்பது என் அபிப்பிராயம். மோனேயைப் பார்க்க உலகில் இடங்கள் பல உண்டு.

கேள்வி: இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க முடியுமா? தலைநகரில் தனி அருங்காட்சியகம் கட்டுவதில் தகராறு என்று கேள்விப்பட்டேன்.

பதில்: நன்கொடை அறிவிப்பு வந்ததும், புதிய அருங்காட்சியகத்தைத் தங்கள் ஊரில் கட்ட வேண்டும் என்று நாட்டின் பல நகரங்கள் போட்டியிட்டன. அரசு 2021 நவம்பரில் சியோலின் சோங்ஹியோன்-டோங் நிலத்தைத் தேர்ந்தெடுத்தது. கியோங்போக்குங் அரண்மனைக்கு அருகில், நவீனக் கலை அருங்காட்சியகத்திலிருந்து நடந்தே போகக்கூடிய இடம். காலனிக் காலத்தில் வங்கி ஊழியர் குடியிருப்பாகவும், பிறகு அமெரிக்கத் தூதரக ஊழியர் குடியிருப்பாகவும் மதிலுக்குள் மூடிக் கிடந்து, சில ஆண்டுகள் சாம்சங் குழும நிறுவனம் ஒன்றுக்கும், பின்னர் கொரியன் ஏர் நிறுவனத்துக்கும் சொந்தமாகி, 2022 அக்டோபரில்தான் பொதுமக்களுக்குப் பசும்வெளியாகத் திறந்துவிடப்பட்ட நிலம் அது. கலைவசதிகள் அனைத்தும் தலைநகரிலேயே குவிகின்றன என்று மற்ற நகரங்கள் எழுப்பிய புகார் நியாயமானது.

அந்தப் புகாருக்கு ஒரு பகுதி விடை நன்கொடையிலேயே இருந்தது. பார்க் சூ-கன் பிறந்த யாங்குவில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்துக்கு 18, லீ ஜுங்-சோப் அகதியாக வாழ்ந்த சோக்விபோவில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்துக்கு 12, குவாங்ஜுவுக்கு 30, தெற்கு ஜோல்லா மாகாணத்துக்கும் டேகுவுக்கும் தலா 21 என்று படைப்புகள் போய்ச் சேர்ந்தன. சோக்விபோ பெற்றவற்றில், 1951இல் அங்கிருந்தே வரைந்த தீவுக் காட்சியும் ஒன்று. படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அதே கடலைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் குவிப்பதைவிட இது எனக்கு அறிவார்ந்த ஏற்பாடாகப் படுகிறது. தேசிய அருங்காட்சியகமும் நவீனக் கலை அருங்காட்சியகமும் தங்கள் பங்கிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றை மற்ற நகரங்களுக்கும் அனுப்பிக் காட்டிவருகின்றன; 2025 நவம்பரில் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆசியக் கலை அருங்காட்சியகத்திலும் ஒரு பெரிய கண்காட்சி திறக்கப்பட்டது.

கேள்வி: அப்படியானால் இந்த ஒரு சேகரிப்பைப் பார்த்தாலே கொரிய நவீன ஓவியத்தின் வரலாறு விளங்கிவிடுமா?

பதில்: விளங்காது, விளங்கிவிட்டதாக நினைப்பதில்தான் ஆபத்து. ஒரு குடும்பம் எதை விரும்பி வாங்கியதோ அது இங்கே அடர்த்தியாக இருக்கிறது. எடுத்துக்காட்டாக, மலைகளை வண்ணத் தளங்களாகப் பிரித்து அரூபமாக்கிய யூ யங்-குக்கின் படைப்புகள் 187. அவற்றில் 167 அச்சோவியங்கள், வண்ண ஓவியங்கள் 20 மட்டுமே. சாங் உக்-சின் 60, லீ உங்-நோ 56, பார்க் சூ-கன் 33, சுடுமண் சிற்பி க்வோன் ஜின்-கியு 24. இந்த எண்கள் அந்தக் கலைஞர்களின் வரலாற்று முக்கியத்துவத்தின் விகிதம் அல்ல. என்ன சந்தைக்கு வந்தது, எதைக் குடும்பம் தவறவிடவில்லை என்பதன் விகிதம். வடக்கே போன ஓவியர்களின் பெயரையே 1988 வரை உரக்கச் சொல்ல முடியாத நாட்டில், அவர்களுடைய படங்களைத் தேடி வாங்கிச் சேர்ப்பது எவருக்கும் எளிதாக இருந்திருக்காது. ஒரு பெரிய நன்கொடை வந்த பிறகு பாடநூல்களும் கண்காட்சிகளும் அதைச் சுற்றியே அமைந்துவிடும் போக்கு எங்கும் உண்டு. அதைத் தடுக்க வேண்டியது அருங்காட்சியகத்தின் பொறுப்பு: இந்தப் படங்களுக்கு அருகே, வேறு வழியில் வந்த படங்களையும் அது தொங்கவிட வேண்டும்; வாங்கும் நிதியை, லீ குடும்பம் தொடாத பக்கங்களில் செலவிட வேண்டும்.

கேள்வி: பல படங்களின் கீழே ' 1950கள்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். ஆண்டுகூடத் தெரியாதா? போலிகள் கலந்திருக்க வாய்ப்பு உண்டா?

பதில்: நல்ல கவனிப்பு. அகதிகளாக அலைந்தவர்கள் ஒவ்வொரு படத்திலும் தேதி போட்டுக் கணக்கு வைக்கவில்லை. விற்ற ரசீதுகளும் இல்லை. அதனால் துணிந்து ஓர் ஆண்டைச் சொல்வதைவிடப் பத்தாண்டைச் சொல்வதே நேர்மை. போலிகளைப் பற்றிய அச்சத்துக்கும் காரணம் உண்டு. 2005இல் லீ ஜுங்-சோப், பார்க் சூ-கன் பெயர்களில் ஏறத்தாழ 2,800 போலிப் படங்கள் ஒரே வழக்கில் அகப்பட்டன. அந்த வழக்கு 2017இல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சந்தையின் நம்பிக்கை அதனால் வெகுநாள் ஆட்டம் கண்டது.

இத்தகைய சூழலில், தனியார் கிடங்கில் இருந்த படங்கள் பொது அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்துக்கு வருவதன் பயனை எண்ணிப் பாருங்கள். வண்ணத்தின் வேதியியல், கேன்வாஸின் நெசவு, கையெழுத்தின் வடிவம் ஆகியவற்றைப் பத்துப் படங்களில் அல்ல, நூறு படங்களில் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. நான் மேலே குறிப்பிட்ட 43 அஞ்சல் அட்டைகள் பார்வையாளருக்குக் காதல் கடிதங்கள். ஆய்வாளருக்கோ அவை தேதியிட்ட ஆவணங்கள். 1940 முதல் 1943 வரை அனுப்பிய அட்டைகளில் பலவற்றில் ஓவியரே தம் கையால் நாளைக் குறித்திருக்கிறார். வோன்சானில் அவர் விட்டுவந்த பெரிய படங்கள் கிடைக்காத நிலையில், அவருடைய இளமைக்காலக் கோடு எந்த ஆண்டில் எப்படி இருந்தது என்பதை உள்ளங்கை அளவுள்ள இந்த அட்டைகளைக் கொண்டுதான் சரிபார்க்கிறார்கள்.